கொட்டாவி அண்ணனின் ஜப்பான் பாட்டு

அப்பா,

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் நாலு வார்த்தை புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவார்கள். நம் வீட்டில் கல்யாணம் உனக்கு. அதனால் எழுதவேண்டியவள் நான். நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்கு நினைவில்லை. "அம்மா, சாப்ட்டியா", "ஏம்மா, வண்டிச் சாவி எங்க" என்றுதான் கூப்பிடுவாய். அந்த உரிமையை இன்றைக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறேன். பதினெட்டு வயதுக்காரி புத்தி சொல்கிறாளே என்று சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

போன வாரம் சாப்பிட்டு முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். "நீ சொல்லும்மா. உனக்கு வேணாம்னா வேணாம். இதோட விட்டுடலாம்." நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நேருக்கு நேர் யாராவது கேட்டால் எனக்கு வார்த்தை தொண்டையில் நின்றுவிடும் என்று உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கூடுவாஞ்சேரி அத்தை போனில் "பொண்ணு இன்னா சொல்றா" என்று கேட்டபோது, "யோசிச்சிக்கினு இருக்கா" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. நான் யோசிக்கவில்லை. பதில் அன்றைக்கே இருந்தது. வாயில் வரவில்லை, அவ்வளவுதான். அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மீதியைப் படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாய். அதனால் கடைசியில்தான் சொல்வேன். இதை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. அத்தை வந்தால் படிக்கட்டும், நீ கட்டிக்கொள்ள நினைக்கிற கல்பனா அக்காவும் படிக்கட்டும்.

அவர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. நான் எட்டாவது படிக்கும்போது நீ ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் இருந்த ஒரு ஜப்பான்காரருக்கு வண்டி ஓட்டினாய். காலையில் ஏறியதும் தூங்குவார், மாலையில் ஏறியதும் தூங்குவார். அவர் ஊருக்குத் திரும்பும்போது, கொண்டுபோக முடியாத சாமான்களை எல்லோருக்கும் கொடுத்தார். அவர் வீட்டில் சமையல் செய்த ஒரு அம்மாளுக்கு வாஷிங் மெஷின். உனக்கு ஒரு ரெக்கார்டு பிளேயர், ஸ்பீக்கர்கள், கூடவே சில இசைத்தட்டுகள். பொழிச்சலூரில் நம் வீட்டு மாடிப்படியில் நீ அவற்றைத் தூக்கிக்கொண்டு ஏறியதும், மேலே நின்றுகொண்டு அம்மா சொன்னதும் இன்னும் காதில் இருக்கிறது. "வாஷிங் மிஷின அந்தம்மா வாங்கிக்கினு போயிட்ச்சி. நம்ம ஆளு பாட்டுப் பொட்டி தூக்கிக்கினு வராரு."

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தோம். எதிலும் ஒரு எழுத்துகூட நமக்குத் தெரியாது. பச்சை உறை போட்ட தட்டு மட்டும் அம்மாவுக்குப் பிடித்துப்போனது. தாளம் ஆற அமர நடக்கும். பின்னால் ஏதோ ஒன்று கிணற்றில் சொட்டுகிற மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஒரு கனத்த குரல், எழுந்திருக்க மனசில்லாதவன் பாடுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடும். "யாருய்யா இவரு, கொட்டாவி விட்டுக்கினே பாடுறாரு" என்று அம்மா கேட்டார். அன்றிலிருந்து அவர் நமக்குக் கொட்டாவி அண்ணன். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுப்போம். அண்ணன் பாடும்போது முதலில் கொட்டாவி விடுகிறவர்தான் பாத்திரம் தேய்க்கவேண்டும் என்று அம்மா சட்டம் போட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழிய நாம் மூன்று பேரும் அடக்குவோம். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பாட்டு அதில் முழுகிவிடும். அந்தச் சத்தத்துக்குள் நான் ரகசியமாக ஒன்று விட்டுக்கொள்வேன். பெரும்பாலும் பாத்திரம் தேய்த்தது நீதான். வேண்டுமென்றே தோற்றாயா, நிஜமாகவே தூக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா இறந்துபோன பிறகு பிளேயர்மேல் ஒரு துண்டு போட்டு மூடி வைத்தோம். நான் பதினொன்றாவதில் சேர்ந்தேன். வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் சத்தம் வராது. மற்றவர்கள் சிரிக்கக்கூட இல்லை, காத்திருந்தார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை. போகமாட்டேன் என்று நான் சொன்னபோது நீ ஒருமுறை பள்ளிக்கூடம் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தாய். வந்து திட்டவில்லை. அத்தை திட்டினாள். நீ மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்றை வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்தாய். நல்லதா கெட்டதா என்று நான் கணக்குப் போடுவதில்லை. படிப்பை விட்டதில் எனக்குச் சில நாள் வருத்தம் உண்டு, குறிப்பாக ஆங்கிலத்தில் ஏதாவது படிக்கவேண்டி வரும்போது. ஆனால் என்னைப் பேசச் சொல்லாத ஒரு வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய முடிந்தது. நான் உன்னிடம் கற்றுக்கொண்ட முதல் விஷயம் இது. ஒருவரைத் தள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க உனக்குத் தெரியும். கல்பனா அக்காவிடமும் அப்படியே இரு. அவர் நிறையப் பேசுவார். பதில் சொல்லாவிட்டாலும் தலையையாவது ஆட்டு.

சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் துண்டை எடுத்தேன். அந்த மற்ற இசைத்தட்டுகள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. தையல் மெஷினோடு கேட்கவேண்டிய பாட்டு அது. மனிதன் கொட்டுகிற தாளமே இல்லை, பெட்டி ஒன்று தட்டிக்கொண்டே இருக்கும், ஒரு இடத்திலும் தடுமாறாது. அதன்மேல் ரயில்வே கேட் மணி மாதிரி, வீடியோ கேம் மாதிரி, டம்ளரில் ஸ்பூன் பட்ட மாதிரி என்னென்னவோ சத்தங்கள் வரும். நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னால், சிந்தசைசர் என்ற கருவி புதிதாகக் கைக்கு வந்தபோது, அங்கே சிலர் குழந்தைகள் மாதிரி அதை வைத்து விளையாடியிருக்கிறார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் ஃபால்ஸின் ஒரு பக்கம் அடித்துவிடுவேன். தட்டைத் திருப்பிப் போட எழுந்திருப்பதுதான் எனக்கு ஓய்வு.

அப்புறம் எனக்குச் சொந்தமாக ஒன்று வாங்க ஆசை வந்தது. அந்தக் காலத்து முதல் பதிப்புகளை நாம் தொடமுடியாது, விலை அப்படி. ஆனால் இப்போது அவற்றையெல்லாம் மறுபதிப்பு போடுகிறார்கள். புதுத் தட்டு, கனமான தட்டு, சிலது நிறக் கண்ணாடிபோலக்கூட வரும். உறையின் இடது ஓரத்தில் ஜப்பானிய எழுத்து அச்சடித்த ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். அதற்கு ஓபி என்று பெயர். அது கிழியாமல் இருக்கவேண்டும், இதைச் சேர்க்கிறவர்களுக்கு அது ஒரு பைத்தியம். எனக்கும்தான். போன் கேமராவை எழுத்துக்குமேல் பிடித்தால் அரைகுறைத் தமிழில் அர்த்தம் வரும். ஒரு பட்டையில் 'நாளைய நகரத்தின் ஈரமான மின்சாரம்' என்று வந்தது. அதை உனக்குப் படித்துக் காட்டினேன். "மழைல ஷாக் அடிச்சிருக்கும்" என்றாய்.

இறக்குமதி செய்து விற்கிற கடைக்காரரோடு நான் ஒருநாளும் பேசியதில்லை, மெசேஜ் மட்டும்தான். சுருக்கமாக, முழுத் தமிழில் எழுதுவேன். அதனால் அவர் என்னை ஒரு வயதானவர் என்று முடிவு செய்துவிட்டார். "உங்கள மாதிரி ரிடையர்டு ஆளுங்கதான் சார் பொறுமையா கேக்குறாங்க" என்று எழுதியிருந்தார். அதைக் காட்டியபோது நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். ஒரு மாதம் என்னை "ரிடையர்டு சார், காபி" என்று கூப்பிட்டாய். நான் அவரைத் திருத்தவே இல்லை. அந்த மாதம்தான் பழைய கட்டில் பலகையை அறுத்து எனக்கு அலமாரி செய்து தந்தாய். மேற்குச் சுவரில் வெயில் ஏறும், தட்டு வளைந்துவிடும் என்று நான் சொன்னதும், ஒன்றும் கேட்காமல் பீரோவையே நகர்த்தி இடம் மாற்றினாய்.

இனி நீ கேள்விப்படாத ஒன்றைச் சொல்கிறேன். இதைத் தப்பு என்று நினைத்துச் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதால் சொல்கிறேன். போன வருடம் அந்தப் பச்சை உறைக்காரர்களின் வேறு தட்டு ஏதாவது வருமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். கிடைக்கும் என்று சொல்லிவிட்டு அவர் எழுதினார்: "அது நாப்பத்தஞ்சு ஸ்பீடு சார், மறந்துடாதீங்க. முப்பத்திமூணுல போட்டா பாடுற பொண்ணு ஆம்பளையாயிடும்." எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பச்சை உறையை எடுத்து நடு வட்டத்தைப் பார்த்தேன். ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவே பொடியாக 45 என்று இருந்தது. எத்தனையோ தடவை பார்த்த எண்தான். ஏதோ வரிசை எண் என்று நாம் விட்டுவிட்டோம். தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடவேண்டும் என்கிற கணக்கு அது; பிளேயரில் முப்பத்துமூன்றை நாற்பத்தைந்தாக்கும் பட்டனை நாம் தொட்டதே இல்லை. மொழி தெரிந்திருந்தால் குரல் இழுக்கிறது என்று பிடித்திருப்போம். பழகிய வாத்தியம் என்றால் சுருதி தெரிந்திருக்கும். நமக்கு எதுவுமே தெரியாததால் எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

நீ வேலைக்குப் போயிருந்தாய். நான் பட்டனை அழுத்தினேன். கொட்டாவி அண்ணன் இருந்த இடத்தில் ஒரு பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும். எங்கேயோ போக நேரமாகிவிட்ட மாதிரி, மூச்சு வாங்காமல், துள்ளித் துள்ளிப் பாடினாள். கிணற்றில் சொட்டியது இப்போது சைக்கிள் மணி. நான் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன், பிறகு கையில் இருந்த சேலையை முடித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ இருக்கும்போது அண்ணன் பாடினார். மற்ற நாள் மத்தியானம் அவள் பாடினாள். ஒரு வருடம் இப்படித்தான் ஓடியது. குரல் மாறிவிட்டது என்பதற்காக அந்த ஒரு வருடத்தில் அம்மா எங்கும் போய்விடவில்லை, அப்பா. அண்ணனே இல்லை, அது ஒரு சின்னப் பெண் என்று தெரிந்திருந்தால் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பை நினைத்து நான் தனியாகப் பலமுறை சிரித்திருக்கிறேன். இதை உன்னோடு சேர்ந்து சிரிக்காமல் போனதுதான் எனக்குக் குறை.

கல்பனா அக்கா விஷயத்துக்கு வருகிறேன். பம்மலில் அவர் தையல் கடைக்குத்தான் நான் ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். எனக்குப் பதிலாக நீ சேலைப் பையை எடுத்துப் போவாய். முதலில் போன வேகத்தில் திரும்பி வருவாய். பிறகு ஒரு டீ நேரம் ஆனது. பிறகு, இஸ்திரி போட்ட சட்டையில்தான் பை போகும் என்று ஆனது. நான் கேட்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். அக்காவுக்கு முன்னால் ஒரு கல்யாணம் நடந்து, சரிவராமல், கோர்ட்டில் முடிந்துபோனதை நீ சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், ஏதோ உன் தப்பு மாதிரி. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நம் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்தார். சாப்பிட்டதும் நீ பச்சை உறையை எடுத்தாய். வேறு எதையும் எடுக்காமல் அதை எடுத்தாயே, அது உன் பக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டுவிட்டு, "இன்னா சார் இது, சாப்ட்டுப் படுத்துக்கினு பாடுறாரா" என்றார். நீ சிரித்தாய். பிறகு அவர் முந்தானையால் பிளேயர் ஓரத்தில் தூசி துடைத்தார், "இது இன்னா பட்டன்" என்று அழுத்தினார். குரல் எழும்பியது. "அட, பொண்ணு" என்று கையைத் தட்டினார். நீ எழுந்து போய்ப் பட்டனைத் திருப்பி அழுத்தினாய். அவள் குரல் எங்கள் கண்ணெதிரே இளகி, கீழே இறங்கி, மறுபடி அண்ணன் ஆனது. "இதைத் தொடாதீங்க" என்றாய். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார், சரியாகியிருக்கும். பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இது என்னுடைய இரண்டாவது புத்திமதி. மனசு கஷ்டப்பட்டால் நீ பெட்ரோல் போடத்தான் போகிறாய். ஒரு டாங்கில் எவ்வளவுதான் பிடிக்கும்? அக்கா தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நான் இன்னாம்மா பண்ணிட்டேன்" என்று என்னைக் கேட்டார். நான் அந்தத் தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அதற்கப்புறம் பை போவதும் வருவதும் ஆட்டோக்காரர் கையில். நீயும் பழைய சட்டைக்கு மாறிவிட்டாய். பிறகுதான் என்னிடம் கேட்டாய், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று. யோசித்துப் பார்த்தால், நீ கேட்டது என் சம்மதத்தை இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உனக்குச் சுலபம். பெண்ணுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு மிச்ச ஞாயிற்றுக்கிழமைகளைப் பாயில் படுத்தே கழித்துவிடலாம். அந்தச் சாக்கை உனக்குத் தர எனக்கு மனமில்லை.

நேற்றுக் காலை நான் பம்மலுக்குப் போனேன். ஆமாம், ஷேர் ஆட்டோவில், தனியாக. கடை திறந்ததும் போனால் கூட்டம் இருக்காது என்று கணக்கு. ஆனால் ஒரு அம்மாள் ஜாக்கெட் கை இறுக்கமாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "போன மாசம் அளவு குடுத்தப்ப இந்தக் கை இல்லமா உங்களுக்கு" என்று அக்கா அவரைச் சிரிக்க வைத்து அனுப்பினார். பிறகுதான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவர் ஹூக் வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நான், "அது உங்க தப்பு இல்லக்கா. நீங்க அழுத்தினதுதான் சரியான ஸ்பீடு" என்றேன். அம்மா, கொட்டாவி, பாத்திரம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "சரியோ தப்போ, அவருக்கு அதாம்மா பாட்டு. மின்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் கை வைக்கப்போறேன்? அப்டியே ஓடட்டும். எனக்கு ரெண்டு ஸ்பீடும் ஒண்ணுதான், ஒரு எழவும் புரியல" என்றார். உடனே, "ஆனா உங்கப்பா என்னை எதையும் தொடாதேன்னு சொல்ற வூட்ல நான் வந்து இருக்கமுடியாது" என்றும் சொன்னார். எனக்கு அது சரியாகப் பட்டது. சொல்லாமல் வைத்துக்கொண்டு, தெரியாமல் தொட்டவர்மேல் வருத்தப்படுவது நம் இருவர் பழக்கம். நானும் உன்னிடம் ஒரு வருடம் சொல்லவில்லையே. நம் வீட்டில் இரண்டு ஊமைகள் போதும். கேட்கிற ஆள் ஒருவர் வேண்டும், "இது இன்னா பட்டன்" என்று.

கிளம்பும்போது அவர் கேட்டார், "கல்யாணத்துக்கு அப்புறமும் என்னை அக்கான்னுதான் கூப்டுவியா?" ஆமாம் என்று தலையாட்டினேன். "நான் அக்கான்னா உங்கப்பா உனக்கு மாமாவா?" என்றார். கடைக்குள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் நான் "வாங்க" என்றேன். "எங்க?" "வீட்டுக்கு." அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார், "நீ கூப்டது எனக்குப் போதும்மா. ஆனா அவரு வந்து கேக்கட்டும்."

ஆக, என் பதில் 'சரி' என்பதுதான். எனக்குச் சம்மதம். பயத்திலோ, உன்மேல் பாவப்பட்டோ சொல்லவில்லை. அவர் வந்தால் என் ஜன்னல் பக்கம் கொஞ்சம் சத்தமாக இருக்கும், தட்டுகளுக்கு நடுவே அவர் சேலை மூட்டைகள் வந்து சேரும், நான் முகத்தைச் சுளிப்பேன், அவர் கேட்பார், நான் எப்படியாவது பதில் சொல்லக் கற்றுக்கொள்வேன். நீயும் கற்றுக்கொள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதே. கத்தரிக்காய் பிடிக்காது என்றால் தட்டோரம் ஒதுக்காமல் வாயைத் திறந்து சொல். அம்மாவைப் பற்றி அவரிடம் பேசு, நான் பேசிவிட்டேன், அவர் ஒன்றும் உடைந்துபோகவில்லை.

கடை பத்து மணிக்குத் திறக்கும். நீல சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலிமேல் வைத்திருக்கிறேன். பை எதுவும் தரமாட்டேன். வெறுங்கையோடு போ, அப்போதுதான் எதற்கு வந்தாய் என்று நீயே சொல்லவேண்டி வரும்.